கோர்ட் சரி, சத்தம்தான் சரியில்லை: கீபோர்டில் மனோதர்மமாக வாசிக்கத் தொடங்குவோருக்கு

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் சனிக்கிழமை பின்னேரங்களில் கீபோர்ட் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகளுக்குப் பதின்மூன்று, பதினாலு வயது. கோயில் பஜனைக்கும் சேர்ச் பாடல்களுக்கும் நன்றாகக் கோர்ட் (பல சுரங்களைச் சேர்த்து அடிப்பது) பிடிப்பார்கள். எழுதிக்கொடுத்ததை வாசிக்கும்வரை ஒரு குறையும் இல்லை. “இனி நீயாவே வாசி” என்று சொன்னதும் கை நின்றுவிடும், அல்லது ஓடும், ஆனால் கேட்க நன்றாக இருக்காது. அப்போது அவர்கள் என்னிடம் வந்து சொல்லும் குறைகளை, அவர்கள் வாயால் வந்தபடியே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் குறை எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் முதலாவதை மட்டும் எல்லோரும் வாசியுங்கள். மற்றவற்றில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கிறது.

வாய்சிங் என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு கோர்ட்டின் சுரங்களில் எவற்றை வைத்துக்கொள்கிறோம், எவற்றை விடுகிறோம், வைத்ததை எந்த இடத்தில், எவ்வளவு இடைவெளியில் வைக்கிறோம் என்பதுதான் வாய்சிங். சி மேஜர் என்பது சி, இ, ஜி. அந்த மூன்றையும் பல விதமாக அடுக்கலாம். சில அடுக்கு பாடும், சில அடுக்கு உறுமும்.

இடம் சொல்வதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம். நம்மில் பலரிடம் இருப்பது 61 கட்டை உள்ள கீபோர்ட். இடது கோடியில் இருக்கும் கட்டையே முதல் சி. அதற்கு மேல் இரண்டாவது சி. மூன்றாவதுதான் நடு சி. கையேட்டில் உள்ள எண்களை நம்பி இடம் தேடாதீர்கள்: யமஹா கையேடுகள் நடு சி-யை சி3 என்கின்றன, பல இசைப் புத்தகங்கள் அதையே சி4 என்கின்றன. இந்த ஒரு எண் வித்தியாசத்தில் ஒரு ஸ்தாயி கீழே போய் வாசித்துக்கொண்டு, ஏன் சரியாக வரவில்லை என்று மாதக்கணக்கில் தேடிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

“கோர்ட் சரியாத்தான் பிடிக்கிறேன் சேர், ஆனா கலங்கலா கேக்குது”

போன மாசம் ஒரு பிள்ளை இப்படித்தான் சொன்னாள். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழையில் கேட்காது என்று நினைத்து, இடது கையை இன்னும் கீழே இறக்கி, இன்னும் அழுத்திப் பிடித்தாள். கூடியது கலங்கல்தான்.

சோதனை இது. முதல் சி-யையும் அதற்கு மேலுள்ள இ-யையும் சேர்த்து அடியுங்கள். பிறகு அதே இரண்டையும் நடு சி-யில் அடியுங்கள். கீழே உறுமுகிறது, மேலே இனிக்கிறது. சுரம் மாறவில்லை, கோர்ட் மாறவில்லை, இடம் மட்டுமே மாறியது.

காரணம் காதில் இருக்கிறது. முதல் சி நொடிக்கு ஏறத்தாழ 65 தடவை அதிர்கிறது, அதன் மேலுள்ள இ 82 தடவை. இரண்டுக்கும் இடையில் 17தான். இவ்வளவு நெருங்கிய இரண்டு அதிர்வைக் காது தனித்தனியாகப் பிரித்து எடுக்க முடியாமல் ஒரே கரகரப்பாகக் கேட்கிறது. நடு சி 262, அதன் இ 330. இடைவெளி 68 ஆனதும் காது இரண்டையும் இரண்டாகவே கேட்கிறது. ஒரே ஒரு சுரத்துக்குள் ஒளிந்திருக்கும் மேற்சுரங்களைப் பார்த்தாலும் இதே ஒழுங்குதான். முதல் சி-க்குள் அடுத்த சி, அதற்கு மேல் ஜி, பிறகு நடு சி, அதன் பிறகுதான் இ. அடியில் அகலம், மேலே போகப் போக நெருக்கம்.

திருத்தம்: இரண்டாவது சி-க்குக் கீழே ரூட்டை, அதாவது கோர்ட்டுக்குப் பெயர் கொடுக்கும் சுரத்தை, மட்டும் வையுங்கள். நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ரூட்டும் ஐந்தாம் சுரமும், அதாவது சி-யும் ஜி-யும். மூன்றாம் சுரமாகிய இ-யை இரண்டாவது சி-க்கு மேலே எங்கே வைத்தாலும் தெளிவாக வரும். கை பெரிதாக இருந்தால் சி-யையும் அடுத்த ஸ்தாயியின் இ-யையும் ஒரே கையால் எட்டிப் பிடித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு எட்டாது, அவர்கள் அந்த இ-யை வலது கைப் பெருவிரலுக்குக் கொடுக்கலாம். இரண்டே சுரத்தில் கூடம் நிறைவதைக் கேட்பீர்கள்.

திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் கட்டி வாசிக்கும்போது இது இன்னும் முக்கியம். வீட்டில் கீபோர்டின் சின்ன ஸ்பீக்கர் கீழ்ச்சத்தத்தை அரைவாசி விழுங்கிவிடும். அதனால் வீட்டில் கேட்காத கலங்கல் கோயில் முற்றத்தில் இடி மாதிரி வெளியே வரும். வீட்டில் ஒரு தரமாவது ஹெட்போன் போட்டு இடது கையைக் கேளுங்கள்.

“கோர்ட் மாறும்போது கை தாவுது, வலது கை நின்னுருது”

இது எல்லோருக்கும் வரும். காரணம், ஒவ்வொரு கோர்ட்டையும் ரூட்டிலிருந்து தொடங்கிப் பிடிப்பது. சி-இ-ஜி பிடித்த கை, எஃப் மேஜருக்காக எஃப்-ஏ-சி வரை தாவுகிறது. கணக்குப் பாருங்கள்: மூன்று விரலும் ஒவ்வொன்றும் ஐந்து அரைச்சுரம் (கறுப்பையும் சேர்த்து எண்ணினால் ஐந்து கட்டை) நகர்கிறது, மொத்தம் பதினைந்து. அந்தத் தாவலைக் கண் பார்க்க வேண்டும். கண் இடது கைக்குப் போனதும் வலது கை அநாதை.

எஃப் மேஜரை சி-எஃப்-ஏ என்று பிடியுங்கள். சி அசையவில்லை. இ ஓர் அரைச்சுரம் ஏறி எஃப் ஆனது. ஜி இரண்டு ஏறி ஏ ஆனது. மொத்தம் மூன்று. ஜி மேஜருக்கு பி-டி-ஜி: சி ஒன்று இறங்கியது, இ இரண்டு இறங்கியது, ஜி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏ மைனருக்கு சி-இ-ஏ: ஒரே ஒரு விரல்தான் வேலை செய்தது. நாம் பாடும் எளிய பாட்டுகளில் எத்தனையோ இந்த நான்கு கோர்ட்டிலேயே முடிந்துவிடும். நான்கும் உங்கள் கை அகலத்துக்குள்ளேயே இருக்கின்றன.

பழகும் முறையில் ஒரு விஷயம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள். எது அசையாத விரல் என்பதை வாயால் சொல்லுங்கள்: “சி நிக்குது”, “ஜி நிக்குது”. என் பிள்ளைகள் இப்படிச் சத்தமாகச் சொல்லித்தான் பழகினார்கள். இரண்டு கிழமையில் கண் இடது கையை மறந்துவிடும்.

“பேஸ் கிட்டார் வந்ததும் நான் வாசிக்கிறது சண்டை மாதிரி இருக்கு”

இதில் கொஞ்சம் தங்க வேண்டும். எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

கூட ஒருவர் பேஸ் வாசித்தால் ரூட் அவருடையது. நீங்களும் கீழே ரூட்டைப் பிடித்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். அவர் ரூட்டிலிருந்து கொஞ்சம் நடந்து போனால் உங்கள் ரூட் அவர் காலைத் தட்டுகிறது. ஆகவே ரூட்டை விடுங்கள். ஐந்தாம் சுரத்தையும் விடலாம், அது கோர்ட்டின் குணத்தைச் சொல்வதில்லை. மேஜரா மைனரா என்று சொல்வது மூன்றாம் சுரம். ஏழாம் சுரமும் சேர்ந்த கோர்ட்டுக்குச் செவந்த் என்று பெயர்; அது எப்படிப்பட்ட செவந்த் என்று சொல்வது அந்த ஏழாம் சுரம். இந்த இரண்டு இருந்தால் கோர்ட் இருக்கிறது.

கவ்வாத்து வெட்டின தேயிலை மலையைப் பார்த்திருப்பீர்கள். இவ்வளவையும் வெட்டிவிட்டார்களே, செடி பிழைக்குமா என்று முதலில் தோன்றும். கொழுந்து அதிலிருந்துதான் வரும். கோர்ட்டையும் அந்தத் துணிவோடு வெட்டிப் பாருங்கள்.

டி மைனர் செவந்த், ஜி செவந்த், சி மேஜர் செவந்த் என்ற மூன்றையும் வரிசையாக எடுங்கள். நடு சி-க்குக் கீழே உள்ள எஃப்-ஐயும் நடு சி-யையும் பிடியுங்கள். அது டி மைனர் செவந்தின் மூன்றும் ஏழும். இப்போது சி-யை மட்டும் ஓர் அரைச்சுரம் இறக்குங்கள்: எஃப்-பி. அது ஜி செவந்த். இப்போது எஃப்-ஐ ஓர் அரைச்சுரம் இறக்குங்கள்: இ-பி. சி மேஜர் செவந்துக்கு வந்துவிட்டீர்கள். இரண்டு விரல், ஒவ்வொன்றும் ஒரே ஒரு அடி. முதல் தடவை இதைக் கேட்டபோது நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு அந்த இரண்டு அடியை மட்டும் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தேன். மனசுக்குள் ஏதோ கதவு திறந்து மூடுகிற மாதிரி இருக்கும்.

இது கைவந்த பிறகு மேலே இரண்டு சுரம் சேர்க்கலாம். டி மைனருக்கு எஃப்-ஏ-சி-இ. ஜி-க்கு எஃப்-ஏ-பி-இ. சி-க்கு இ-ஜி-பி-டி. விரல் மூன்றுக்கும் ஒன்றே: சுண்டுவிரல், நடுவிரல், சுட்டுவிரல், பெருவிரல். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகச் சுட்டுவிரல் மட்டும் அசைகிறது. 1950களின் கடைசியில் ஜாஸ் பியானோவில் பில் எவன்ஸ், வின்டன் கெலி போன்றவர்கள் வாசித்த ரூட் இல்லாத வாய்சிங்குகள் இந்தக் குடும்பம்தான். இடது கை இப்படி நடுவில் அடங்கியிருக்கும்போது நடு சி-க்கு மேலுள்ள எஃப்-இலிருந்து முழுக் கட்டைப் பலகையும் வலது கைக்குத் திறந்து கிடக்கிறது.

பேஸ் வாசிக்க ஆள் இல்லாமல் தனியே இதை அடித்தால் அடித்தளம் இல்லாத வீடு மாதிரி இருக்கும், அது உங்கள் பிழை இல்லை. பழகும்போது ஃபோனில் ரூட்டை மட்டும் வாசித்துப் பதிந்து, அதற்கு மேல் வாசியுங்கள்.

“ஸ்டைல் போட்டா மெஷின் வேற கோர்ட் வாசிக்குது”

மேலே சொன்னதைப் பழகியதும் அடுத்த நாளே இந்தக் குறை வரும். ஸ்டைல், அதாவது கீபோர்ட் தானாக வாசிக்கும் தாளமும் பின்னணியும், ஓடும்போது இடது பக்கக் கட்டைகளை மெஷின் கோர்ட்டாகப் படிக்கிறது. நீங்கள் சி என்று நினைத்து இ-ஜி-பி-டி பிடித்தால் அது இ மைனர் செவந்த் என்றுதான் படிக்கும், ஏனென்றால் சுரம் நான்கும் ஒன்றேதான். எஃப்-ஏ-சி-இ பிடித்தால் எஃப் மேஜர் செவந்த். மெஷின் மேல் பிழை இல்லை, பக்கத்தில் டி வாசிக்கும் ஆளை அதற்குத் தெரியாது.

ஸ்டைலோடு வாசிக்கும்போது ரூட்டைச் சேர்த்துப் பிடியுங்கள். இல்லாவிட்டால் அகம்பனிமென்ட்டை நிறுத்தித் தாளத்தை மட்டும் ஓடவிடுங்கள். மனோதர்மம் பழகுவதற்கு இரண்டாவதையே சொல்வேன். மெஷின் பேஸும் கிட்டாரும் வயலினும் வாசித்துக்கொண்டிருந்தால் உங்கள் இடது கை என்ன செய்கிறது என்று உங்களுக்கே கேட்காது.

“வலது கையில ஒரு சுரத்துல நின்னா புளிக்குது”

சி மேஜர் கோர்ட்டுக்கு மேல் வெள்ளைக் கட்டை எல்லாம் பொருந்தும் என்று சொல்லித்தந்திருப்பார்கள். வேகமாகக் கடந்து போனால் பொருந்தும். எஃப்-இல் நின்றால் புளிக்கும். கீழே இடது கையில் இ இருக்கிறது, எஃப் அதற்கு ஓர் அரைச்சுரம் மேல். இரண்டும் உரசுகின்றன.

நம்மிடம் இதற்கு ஒரு நல்ல வழி ஏற்கனவே இருக்கிறது. சி-யை ஸ என்று வைத்து மோகனத்தில் வாசியுங்கள்: ஸ ரி க ப த, அதாவது சி, டி, இ, ஜி, ஏ. மத்யமமும் நிஷாதமும் மோகனத்தில் இல்லை. மேஜர் சுரவரிசையில் அரைச்சுர உரசலைக் கொண்டுவருவது அந்த இரண்டும்தான், எஃப் இ-யோடும் பி சி-யோடும். அவை இல்லாததால் சி கோர்ட்டுக்கு மேல் ஐந்து சுரத்தில் எதில் வேண்டுமானாலும் நிற்கலாம். பாட்டு ஏ மைனரில் என்றால் அதே ஐந்து கட்டையை ஏ-யிலிருந்து தொடங்குங்கள், அது சுத்த தன்யாசி. புதிதாக ஒரு கட்டையும் படிக்க வேண்டியதில்லை.

ஜி மேஜர் வரும் இடத்தில் மட்டும் கவனம். அங்கே இடது கையில் பி இருக்கிறது, மோகனத்தின் சி அதற்கு மேலே உட்காருகிறது. பாட்டை மாற்ற வேண்டாம், வாய்சிங்கை மாற்றுங்கள். வலது கை சி-யில் நிற்கும்வரை இடது கையில் ஜி-யும் டி-யும் மட்டும். சி இறங்கியதும் பி-யைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுரத்தை விடுவதால் மேலே ஒரு சுரம் பிழைக்கிறது.

இதிலேயே இன்னொன்று. உங்களோடு பாடுபவர் கமகம் வைத்துப் பாடுகிறவராக இருந்தால், காந்தாரம் அசையும்போது நீங்கள் கீழே அசையாத மூன்றாம் சுரத்தைப் பிடித்தால் அது அவர் தொண்டையைப் பிடித்த மாதிரி. ஸ-வும் ப-வும் மட்டும் வைத்துத் தம்புரா மாதிரி நில்லுங்கள். ராகத்துக்கு மேஜர், மைனர் பட்டம் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

கரகரப்பிரியா மாதிரி ராகத்தில் கோர்ட்டும் வேண்டும், ராகமும் கெடக்கூடாது என்றால் சுரங்களை ஒன்றுக்கு மேல் அதன் நான்காம் சுரமாக அடுக்கி, உச்சியில் மட்டும் மூன்றாம் சுரத்தை வைத்துப் பாருங்கள். டி-யை ஸ என்று வைத்தால் வெள்ளைக் கட்டைகளே கரகரப்பிரியா. கீழிருந்து இ, ஏ, டி, ஜி, பி என்று இரண்டு கையாலும் பிடியுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு படி இறக்குங்கள்: டி, ஜி, சி, எஃப், ஏ. 1959-இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவின் பதிவில் பில் எவன்ஸ் வாசித்துப் புகழ்பெற்ற அடுக்கு இது. அங்கே அதற்குப் பெயர் டோரியன், நமக்கு அந்தச் சுரங்கள் முன்பே தெரிந்தவை.

“பாடுறவங்க குரல் அமுங்குது”

நீங்கள் அவர் பாடும் உயரத்திலேயே கோர்ட் பிடிக்கிறீர்கள். கோர்ட்டின் மேல் சுரம் பாட்டின் சுரத்துக்குக் கீழேயே இருக்கட்டும். அவர் மூச்சு விடும் இடத்தில் மேலே போய் இரண்டு சுரம் வாசியுங்கள், பாடத் தொடங்கியதும் இறங்கிவிடுங்கள்.

“நாலு கட்டைனு சொன்னாங்க, ட்ரான்ஸ்போஸ் போட்டேன், சத்தமே மாறிப்போச்சு”

இங்கே கட்டை என்பது பாடுபவரின் சுருதி: ஒரு கட்டை என்றால் சி. நாலு கட்டை எஃப், ஐந்து கட்டை ஜி. சி-யிலேயே விரல் பழகியவர்கள் நாலு கட்டைக்கு ட்ரான்ஸ்போஸில் கூட்டல் 5 போடுவார்கள். கை அங்கேயே இருக்கும், சத்தம் மேலே போகும், பெரிய கேடில்லை. ஐந்து கட்டைக்குக் கூட்டல் 7 அதிகம் என்று கழித்தல் 5 போடும்போதுதான் சிக்கல். இரண்டாவது சி-யில் தெளிவாகக் கேட்ட சி-இ-ஜி இப்போது அதற்குக் கீழே உள்ள ஜி-யில் ஒலிக்கிறது. நீங்கள் முதலாம் குறைக்கே திரும்பிவிட்டீர்கள். கழித்தல் போட்டால் இடது கையை மேலே ஏற்றுங்கள், அல்லது மூன்றாம் சுரத்தை விடுங்கள்.

“பெடல மிதிச்சா சத்தம் நிக்குது, விட்டா இழுக்குது”

கீபோர்டை ஒன் பண்ணும்போது பெடலில் கால் இருந்திருக்கும். ஒன் ஆகும் நேரத்தில் உள்ள நிலையையே மிதிக்காத நிலை என்று பல மெஷின்கள் எடுத்துக்கொள்ளும். ஓஃப் பண்ணி, காலை எடுத்துவிட்டு, மறுபடி ஒன் பண்ணுங்கள். பெடலை அழுத்திக்கொண்டே கோர்ட் மாற்றும்போது பழைய சுரங்கள் திடீரென்று அறுந்தால் அது வேறு காரணம். சின்ன கீபோர்டுகள் பலவற்றில் ஒரே நேரத்தில் 32 அல்லது 48 சுரம்தான் ஒலிக்கும், ஸ்டைலும் அதிலிருந்தே எடுக்கும். பெடலை ஒவ்வொரு கோர்ட்டுக்கும் புதிதாக மிதியுங்கள்.

“கீபோர்டுல நல்லா இருந்தது, பழைய பியானோவுல கேக்க முடியல”

பழைய சேர்ச்சுகளிலும் பங்களாக்களிலும் இன்னும் மரப் பியானோக்கள் இருக்கின்றன. கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் வாய்சிங்கைக் குறை சொல்லும் முன் பியானோவைச் சோதியுங்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல். அங்கே மூடுபனி அறைக்குள்ளேயே வந்து உட்காரும். ஈரம் ஏறினால் பியானோவின் ஒலிப்பலகை உப்பி, தந்திகளை இழுத்து, சுருதி ஏறிவிடும். நடுப்பகுதி அதிகமாக ஏறும், இரண்டு கோடியும் அவ்வளவு ஏறாது. அதனால் இடது கையும் வலது கையும் இரண்டு வெவ்வேறு பெட்டியில் வாசிப்பது மாதிரி ஆகிவிடும்.

ஒரே கட்டையை மட்டும் அடித்துக் காத்திருங்கள். நடுப்பகுதியில் ஒரு கட்டைக்கு மூன்று தந்தி. சத்தம் அலையலையாக ஆடினால் அந்த மூன்றும் ஒன்றோடொன்று பிரிந்துவிட்டன. பிறகு சி-யையும் அடுத்த சி-யையும் சேர்த்து அடியுங்கள். அங்கேயும் ஆடினால் சுருதி கூட்டுபவர் வரும்வரை நெருக்கமான செவந்த் கோர்ட்டுகளை ஒதுக்கிவைத்து, மெல்லிய இரண்டு சுர வாய்சிங்கில் வாசியுங்கள். இறுகிய கட்டைக்கு எண்ணெய் விடாதீர்கள். மரம் அதைக் குடித்து இன்னும் இறுகும்.

“எல்லாம் சரி சேர், என்ன வாசிக்கிறதுனே தோணல”

அந்த மழை நாளில் அதே பிள்ளை கடைசியாகக் கேட்டது இது. கலங்கல் போய்விட்டது, கை தாவுவதும் நின்றுவிட்டது. ஆனால் இடது கை ஒவ்வொரு அடிக்கும் கோர்ட்டை அடித்துக்கொண்டே இருந்தது. வலது கைக்கு வாய் திறக்க இடமே இல்லை.

“ஊர்ல காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிறத பாத்திருக்கியா?”

“ம்.”

“ஒரே மாதிரி அடிச்சுக்கிட்டே இருப்பாங்களா?”

“இல்ல சேர். ஒருத்தர் அடிப்பார், விடுவார். அப்ப மத்தவரு உள்ள வருவார்.”

எஃப்-உம் சி-யும் பிடிக்கச் சொன்னேன். ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒரே ஒரு தரம். பிறகு கையை மடியில் வைக்கச் சொன்னேன். அந்த வெறும் இடத்தில் முதலில் வாயால் ஏதாவது முனகு, முனகியதை மட்டும் விரலுக்குக் கொடு என்றேன். மூன்று தரம் ஒன்றும் வரவில்லை. நான்காவது தரம் மூன்று சுரம் முனகினாள், த ப க. அதையே வாசித்தாள். எஃப்-பி. திரும்ப அதே மூன்று சுரம், ஒன்று மட்டும் நீண்டது. இ-பி. மழை இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அந்த மூன்று சுரமும் அறையின் கடைசி வரைக்கும் கேட்டது.